ஹூஸ்டனிலிருந்து கேலப்புக்கு: என் முதல் 13 வாரக் காண்ட்ராக்ட்

அக்டோபர் 3, 2024, வியாழன்: கேட்டி (ஹூஸ்டன் புறநகர்) – அமரில்லோ

காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். அம்மா வரவில்லை. இன்று நவராத்திரி தொடக்கம், நேற்று ராத்திரிதான் கொலுப்படி கட்டி முடித்தாள். கொலு வைத்த வீட்டைப் பூட்டிவிட்டு வர முடியாதே. அதனால் அப்பாவும் நானும் மட்டும். ஆயிரம் மைல்தானே, தனியாகவே ஓட்டிவிடுவேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "நீ ஓட்டிருவம்மா, எனக்குத்தான் தூக்கம் வராது" என்று லீவு போட்டுவிட்டார்.

நான் விருதுநகரில் ஒன்பதாம் வகுப்பு வரை படித்துவிட்டு அப்பா அம்மாவோடு டெக்ஸாஸ் வந்தவள். 2022 டிசம்பரில் நர்சிங் பட்டம், 2023 பிப்ரவரியில் நர்ஸ் லைசென்ஸுக்கான என்கிளெக்ஸ் தேர்வு, ஏப்ரலிலிருந்து ஹூஸ்டனில், நோயாளிகளின் இதயத்துடிப்பைத் திரையில் கண்காணிக்கும் ஒரு டெலிமெட்ரி வார்டில் இரவு ஷிஃப்ட். பதினெட்டு மாதம் ஆகிறது. இப்போது நியூ மெக்ஸிகோவில் கேலப் என்ற சின்ன ஊருக்கு டிராவல் நர்ஸாகப் போகிறேன். ஆள் பற்றாத மருத்துவமனைக்கு ஏஜென்சி வழியாகப் போய், பெரும்பாலும் 13 வாரம் வேலை பார்த்துவிட்டு, நீட்டிப்பது அல்லது அடுத்த ஊருக்குப் போவது. அதுதான் இந்த வேலை.

கல்லூரியில் எனக்குப் பின்னால் படிக்கிற பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். படிப்பு முடிந்த கையோடு போகலாமா? வேண்டாம். பெரும்பாலான ஏஜென்சிகள் குறைந்தது ஒரு வருட அனுபவம் கேட்கும், இரண்டு வருடம் கேட்பவையும் உண்டு. அது வெறும் சம்பிரதாயம் இல்லை. ஏன் என்று புதன்கிழமைக் குறிப்பில் வரும்.

அப்பா கணக்குப் பார்க்கிற வேலையில் இருப்பவர். வழியெல்லாம் என் காண்ட்ராக்டை மறுபடி படித்துக்கொண்டு வந்தார். வாரம் 36 மணி நேரம், அதாவது மூன்று இரவு, ஒவ்வொன்றும் 12 மணி நேரம். மணிக்கு 24 டாலர். ஆக வாரம் 864 டாலர்தான் வரி கட்ட வேண்டிய சம்பளம். வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் ஸ்டைபண்டு 1,116 டாலர், அதற்கு வரி இல்லை. ஆனால் அந்த வரிச்சலுகை சும்மா வராது. சொந்த ஊரில் ஒரு வீட்டுக்கு நிஜமாகவே வாடகை கட்டிக்கொண்டு, இங்கேயும் தங்கச் செலவு செய்ய வேண்டும். இரண்டு இடத்துச் செலவுக்காகத்தான் அந்தப் பணம். ஹூஸ்டனில் தோழியோடு பகிர்ந்திருக்கும் அப்பார்ட்மெண்டை நான் காலி பண்ணாததற்கு அதுதான் காரணம். இதைத் தெரிந்துகொள்ளாமல் அம்மா வீட்டு விலாசத்தைக் கொடுத்து, வாடகையே கட்டாமல் இருந்து, பின்னால் வரி அலுவலகத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

லைசென்ஸ் விஷயத்தில் சிரமமில்லை. டெக்ஸாஸும் நியூ மெக்ஸிகோவும் நர்ஸ்களுக்கான மாநில ஒப்பந்தத்தில் இருக்கின்றன. நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதில் உண்டு, கலிஃபோர்னியா இல்லை. டெக்ஸாஸ் லைசென்ஸே இங்கே செல்லும்.

ஒரு வரியில் அப்பா நின்றுவிட்டார். மருத்துவமனை இந்தக் காண்ட்ராக்டை நடுவில் ரத்து செய்யலாம் என்று இருந்தது.

"அப்ப உனக்கு என்னம்மா பாதுகாப்பு?"

"மூணு மாசச் செலவு பேங்க்ல வெச்சிருக்கேன்பா."

அதற்கப்புறம் அவர் எதுவும் கேட்கவில்லை. காகிதத்தை மடித்து டாஷ்போர்டில் வைத்தார்.

சில்ட்ரெஸ் பக்கத்தில் இரண்டு புறமும் பருத்தி வெடித்துக் கிடந்தது. அப்பா வண்டியை நிறுத்தச் சொன்னார். "நம்ம ஊர்ல கரிசல்ல போடுவாங்க, இங்க செம்மண்ல போட்டிருக்காங்க பாரு" என்று வேலியோரம் நின்று வெகுநேரம் பார்த்தார். அங்கேயே அம்மா கட்டிக் கொடுத்த புளியோதரையும் தயிர்சாதமும் சாப்பிட்டோம். காற்று இலையைப் பறித்துக்கொண்டு போகப் பார்த்தது.

அமரில்லோ வந்து சேர சாயங்காலம் ஆனது. ஊருக்கு மேற்கே வயலில் பத்து கேடிலாக் கார்களை மூக்குக் குத்த நட்டு வைத்திருக்கிறார்கள். 1974-இல் செய்தது. வருகிறவர்கள் எல்லாம் அதன் மேல் பெயிண்ட் அடித்துவிட்டுப் போகிறார்கள். ஒரு சின்னப் பையன் தன் டப்பாவில் மிச்சமிருந்த நீலத்தை அப்பாவிடம் நீட்டினான். அப்பா ஒரு காரில் 'விருதுநகர்' என்று எழுதினார்.

அக்டோபர் 4, வெள்ளி: டூகும்கேரி, சாண்டா ரோஸா

ஆல்புகர்க்கியில் தங்குவதாகத் திட்டம். டூகும்கேரி தாண்டுவதற்குள் டயர் அழுத்தம் குறைவதாக விளக்கு எரிந்தது. இறங்கிப் பார்த்தால் பின்டயரில் ஆணி. பழைய 66-ஆம் நெடுஞ்சாலையோரம் ஒரு டயர் கடை. முன்னால் மூன்று வண்டிகள் நின்றன, இரண்டு மணி நேரம் ஆகும் என்றார் கடைக்காரப் பெரியவர். நான் எதற்கு கேலப் போகிறேன் என்று அப்பா அவரிடம் சொல்லியிருக்கிறார். வேலை முடிந்ததும் பெரியவர் பத்து டாலர் மட்டும் வாங்கிக்கொண்டார். தன் மனைவியை நான்கு மாதம் ஒரு டிராவல் நர்ஸ் பார்த்துக்கொண்டதாகவும், அந்தப் பெண்ணின் பெயர் இப்போதும் ஞாபகம் இருப்பதாகவும் சொன்னார். மனைவிக்கு என்ன ஆயிற்று என்று நாங்கள் கேட்கவில்லை.

அதற்குள் ஆல்புகர்க்கியில் அறை கிடைக்காமல் போனது. நாளையிலிருந்து அங்கே ஆள் ஏறிப் பறக்கும் பலூன்களின் திருவிழா, ஒன்பது நாள் நடக்கும். சாதாரண மோட்டலுக்கு 289 டாலர் கேட்டார்கள். சாண்டா ரோஸாவில் 74 டாலருக்குத் தங்கினோம். அந்த ஊரில் ப்ளூ ஹோல் என்று ஒரு ஊற்று இருக்கிறது. கிணறு மாதிரி வட்டமாக 81 அடி ஆழம், அடிவரை தெளிந்த நீலம். அப்பா காலை நனைத்துவிட்டு உடனே எடுத்துக்கொண்டார். வருடம் முழுக்க ஒரே குளிர்ச்சிதானாம்.

அக்டோபர் 5, சனி: கேலப்

புரட்டாசிச் சனி. ஆல்புகர்க்கியைக் கடக்கும்போது மதியம் ஆகிவிட்டது, பலூன்கள் காலையில்தான் பறக்கும். வானம் காலியாக இருந்தது. அப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தம்.

சாப்பிட உட்கார்ந்த இடத்தில் பரிமாறுகிற அம்மா, "சிவப்பா, பச்சையா?" என்று கேட்டார். இந்த மாநிலத்தில் எதைக் கேட்டாலும் திரும்ப இந்தக் கேள்விதான் வரும், எந்த மிளகாய்க் குழம்பு ஊற்ற என்று அர்த்தம். இரண்டும் வேண்டுமானால் 'கிறிஸ்துமஸ்' என்று சொல்ல வேண்டும். பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பீர்களா என்று அப்பா கேட்டதற்கு, அவர் முகம் சுளிக்காமல் சமையலறைக்குள் போய் விசாரித்துவிட்டு வந்தார். சேர்ப்பதில்லையாம். சீஸ் எஞ்சிலாடா மேல் பச்சை மிளகாய்க் குழம்பு, 13 டாலர். சுட்ட மிளகாயின் புகைவாசனை நாக்கில் நின்றது. கடைசியில் சோபாபீயா கொண்டுவந்தார்கள். உப்பிய பூரிதான், கிழித்துத் தேன் விட்டுத் தின்கிறார்கள்.

கேலப் நெருங்க நெருங்கச் செம்பாறைச் சுவர்கள். மழைநீர் கிழக்கே ஒரு கடலுக்கும் மேற்கே ஒரு கடலுக்கும் பிரிகிற மேட்டை, கண்டத்தின் நீர்ப்பிரிவை, தாண்டும் இடத்தில் ரோடே ஏழாயிரம் அடிக்கு மேல் போகிறது. எனக்குத் தலை லேசாக வலித்தது.

போய்ச் சேர்ந்தால், நான் முன்பணம் கொடுத்திருந்த அறை காலியாகவில்லை. அதில் இருந்த நர்ஸ் ஒரு வாரம் நீட்டித்துவிட்டாராம், எனக்குச் சொல்ல வீட்டுக்காரர் மறந்துவிட்டார். இரவோடு இரவாக 66-ஆம் ரோட்டில் ஒரு மோட்டல் பிடித்தோம், வாரத்துக்கு 330 டாலர். ஜன்னலுக்கு எதிரே ரயில் பாதை. கால்மணிக்கு ஒரு சரக்கு ரயில் கூவிக்கொண்டு போகிறது. பகலில் தூங்க வேண்டியவளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று இரவு நர்ஸ்களுக்குத் தெரியும். போகும் ஊரில் முதல் வாரத்துக்கு வேறொரு தங்குமிடமும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டைப் போய் நேரில் பார்க்கும்வரை மொத்தப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

அக்டோபர் 6, ஞாயிறு

அப்பா பஸ்ஸில் ஆல்புகர்க்கி போய், அங்கிருந்து விமானம். ஏறுமுன் மோட்டல் கதவுத் தாழ்ப்பாளை மறுபடி ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்தார். "போயிட்டு வரேம்மா" என்றார். "சரிப்பா, வாங்க" என்றேன். பஸ் திரும்பும் வரை இரண்டு பேரும் கையை இறக்கவில்லை.

அக்டோபர் 9, புதன்

திங்கள் முழுக்க வகுப்பு, முகக்கவசம் பொருந்துகிறதா என்ற சோதனை, கம்ப்யூட்டர் பயிற்சி. செவ்வாய் இரவு ஒருவர் பின்னால் நடந்தேன். இன்று இரவு தனியாக, ஐந்து நோயாளிகள்.

பட்டம் வாங்கியதும் ஹூஸ்டனில் எனக்கு மூன்று மாதம் பக்கத்திலேயே ஒருவர் இருந்தார். இங்கே ஒரே ஒரு இரவு. இதில் மருத்துவமனையின் குறை எதுவும் இல்லை, டிராவல் நர்ஸ் என்றால் எங்கேயும் ஒன்றிரண்டு ஷிஃப்ட்தான். நோயைப் பற்றி அவர்கள் உங்களுக்குச் சொல்லித்தர மாட்டார்கள், கதவுகளை மட்டும் காட்டுவார்கள். அதனால்தான் முதல் வருடத்தை ஒரே இடத்தில் கழிக்கச் சொல்கிறேன். நோயாளியைப் பார்த்ததும் 'இவருக்கு ஏதோ சரியில்லை' என்று வயிற்றில் ஒன்று சுருக்கென்று பிடிக்குமே, அந்த உணர்வு பெட்டியில் வைத்துக் கொண்டுபோகிற பொருள் இல்லை. அது அங்கேதான் வளர வேண்டும்.

என் சின்ன நோட்டில் முதல் பக்கம்: எமர்ஜென்சி வண்டி எங்கே, மருந்தறைக் கதவு எண், ஆபத்துக்கு அழைக்க வேண்டிய நம்பர், ரத்தம் ஏற்றும்போது இந்த ஊர் விதி என்ன, இரவில் எந்த மருத்துவர் போனை எடுப்பார். இது ஐந்தும் தெரிந்த பிறகுதான் பையைக் கீழே வைத்தேன்.

ஒன்பது மணிக்கு ஒரு தாத்தாவுக்கு ஆக்ஸிஜன் அளவு 90 காட்டியது. மூச்சு வாங்கவில்லை, டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் கடல்மட்டத்து ஊரிலிருந்து வந்தவள், அங்கே 90 என்றால் குறைவு. உடனே கை போன் பக்கம் போனது. அந்த ஷிஃப்டில் வார்டுக்குப் பொறுப்பான சார்ஜ் நர்ஸ் என் பக்கத்தில் வந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும், இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான நவஹோ இனத்து அம்மா. "முதல்ல அவர் வழக்கமா எவ்வளவு இருப்பார்னு பாரு. இது 6,500 அடி, இங்க கொஞ்சம் குறைஞ்சுதான் காட்டும்" என்றார். பழைய பதிவில் பார்த்தேன். அவர் ஆறு மாதமாக 90, 91-தான். இருந்தாலும் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்தேன்.

இடைவேளையில் அந்த அம்மா, "உன் அம்மா எந்த ஜனம்?" என்று கேட்டார். டினே மக்கள் (நவஹோக்கள் தங்களை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள்) முதலில் அம்மாவின் குலம், அப்புறம் அப்பாவின் குலம், பிறகு இரண்டு தாத்தாக்களின் குலம் என்று நான்கைச் சொல்லித்தான் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்வார்களாம். அம்மாவுக்கு அருப்புக்கோட்டை, அப்பாவுக்கு விருதுநகர் என்றேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. ஊர்ப்பெயரை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அக்டோபர் 10, வியாழன்

இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று நினைத்தேன். எழுதுகிறேன். நோயாளி யார் என்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

எழுபது தாண்டிய ஒரு பாட்டி. சர்க்கரை நோய், காலில் புண், எலும்பு வரை கிருமி போய்விட்டது. ஆறு வாரம் நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டும். பெரிய நகரத்தில் என்றால் குழாயைப் பொருத்தி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், வீட்டுக்கே நர்ஸ் வருவார். பாட்டியின் வீடு மண்ரோட்டில் நாற்பது மைல் உள்ளே. குழாய்த் தண்ணீர் கிடையாது, பீப்பாயில் பிடித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். அதனால் இங்கேயே தங்கியிருக்கிறார். நவஹோ நிலம் 27,000 சதுர மைலுக்கும் மேல், அதில் இப்படித் தண்ணீர் சுமக்கிற வீடுகள் நிறைய. டிஸ்சார்ஜ் காகிதத்தில் 'ஓடும் நீரில் கை கழுவவும்' என்று நான் எத்தனை பேருக்கு யோசிக்காமல் கொடுத்திருக்கிறேன்!

பாட்டி இரவு இன்சுலின் வேண்டாம் என்றார். எனக்குச் சொல்லிக் கொடுத்தபடி செய்தேன். உட்கார்ந்தேன், கண்ணைப் பார்த்தேன், மகள் மொழிபெயர்க்கத் தெளிவாகச் சொன்னேன்: சர்க்கரை இப்படியே இருந்தால் புண் ஆறாது, கிருமி ரத்தத்தில் பரவும், காலை எடுக்க வேண்டி வரும்.

மகள் பாதியில் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டார். பாட்டி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். யாரும் சத்தம் போடவில்லை, முறையிடவில்லை. மகள் பையை எடுத்துக்கொண்டு மெதுவாக வெளியே போனார். அந்த அறையில் நான் மட்டும் பேசிக்கொண்டிருந்தது எனக்கே அப்போதுதான் கேட்டது.

சார்ஜ் நர்ஸிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "உனக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பாங்க. எங்க பெரியவங்களுக்கு, வாயால சொல்றது அதை வரச் சொல்ற மாதிரி. 'உன் காலு போயிடும்'னு நீ சொன்னே. அவங்க காதுல அது எப்படி விழுந்திருக்கும்?" என்றார். மொழிபெயர்க்க மகளைக் கூப்பிட்டதும் தவறு, அதற்கென்று ஆள் இருக்கிறார். பெற்ற தாயிடம் அந்த வார்த்தையைச் சொல்ல ஒரு மகளை நான் வற்புறுத்தியிருக்கிறேன்.

காலையில் மோட்டல் அறையில் தூக்கம் வராமல் கிடந்தேன். என் அப்பத்தா ஞாபகம் வந்தது. வீட்டில் உப்பு தீர்ந்துபோனால் 'இல்லை' என்று சொல்ல விடமாட்டாள், 'நிறைஞ்சிருக்கு' என்று சொல்ல வேண்டும். விளக்கை அணைக்கச் சொல்ல மாட்டாள், 'குளிர வை' என்பாள். வாசலில் 'போறேன்' என்று வாய்தவறி வந்துவிட்டால் திரும்பக் கூப்பிட்டு 'போயிட்டு வரேன்' என்று சொல்ல வைத்துத்தான் அனுப்புவாள். இதே வீட்டில் வளர்ந்த நான், இந்தப் பாட்டியிடம் போய் அப்படிப் பேசியிருக்கிறேன். படிப்பு என் காதை அவ்வளவு தூரம் அடைத்திருக்கிறது.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. மோட்டல் மேசையில் ஸ்டெதாஸ்கோப், கத்தரிக்கோல், நோட்டு, நான்கு பேனா. குங்குமம் அம்மா டப்பாவில் கொடுத்தது. வீடியோவில் அம்மா கொலுவுக்குக் காட்டிய தீபாராதனையை என் ஸ்டெதாஸ்கோப்புக்கும் சேர்த்துக் காட்டினாள்.

நேற்று இரவு மறுபடி அதே பாட்டி. இந்த முறை மொழிபெயர்ப்பாளர் வந்தார். கண்ணையே பார்க்காமல் பக்கவாட்டில் உட்காரச் சொன்னார்கள். அவர் பேசி முடித்தாரென்று தோன்றினாலும் இன்னும் கொஞ்சம் காத்திருக்கச் சொன்னார்கள். முதலில் மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் என் பெரியப்பாவைப் பற்றிச் சொன்னேன். அவருக்கும் காலில் புண் வந்தது, தினமும் ஊசி போட்டுக்கொண்டார், இப்போது விடிகாலையில் பஜார் வரை நடந்துபோய்ப் பால் வாங்கி வருகிறார். அவ்வளவுதான். 'நீங்கள்' என்ற வார்த்தையே வரவில்லை.

பாட்டி பதில் சொல்லவில்லை. ஊசியும் போட்டுக்கொள்ளவில்லை. தலையணைக்குக் கீழே ஒரு சின்னத் தோல்பை இருந்தது, சோள மகரந்தம், வழிபாட்டுக்குரியது. விரிப்பு மாற்றும்போது அதைத் தொடாமல், அவரே எடுத்து வைத்துக்கொள்ளும் வரை காத்திருந்தேன்.

அக்டோபர் 12, சனி

அறை கிடைத்துவிட்டது, மாதம் 850 டாலர். ஜன்னலுக்கு அலுமினியத் தாள் ஒட்டி இருட்டாக்கினேன்.

சனிக்கிழமைச் சந்தைக்குப் போனேன். ஊருக்கு வடக்கே பெரிய மைதானம். வைக்கோல், டயர், டர்க்காய்ஸ் கம்மல், மூலிகை, நாய்க்குட்டி, சுட்ட சோளம். இன்னும் புரட்டாசி முடியவில்லை, ஆட்டுக்கறி வாசனையை மூக்கோடு நிறுத்திக்கொண்டேன். ஃப்ரை பிரெட் வாங்கினேன், 5 டாலர். கையால் தட்டி எண்ணெயில் போட்டுப் பொரிக்கிறார்கள். ஒரு வாய் வைத்ததும் விருதுநகர் பொரிச்ச பரோட்டா ஞாபகம், மொறுமொறுப்பு அப்படியே. பக்கத்தில் உட்கார்ந்து தின்ற ஒரு பெரியவர் சொன்னார்: 1864-இல் அவர்களுடைய முன்னோர்களை ராணுவம் நூற்றுக்கணக்கான மைல் நடத்தி, ஃபோர்ட் சம்னர் என்ற ராணுவக் கோட்டைக்குக் கொண்டுபோனது. அங்கே ரேஷனாகக் கொடுத்த மாவும் கொழுப்பும்தான் இந்த ரொட்டியானது. 1868-இல் ஒப்பந்தம் போட்டுத் திரும்பி வந்தார்கள். நாங்கள் ப்ளூ ஹோலில் கால் நனைத்த சாண்டா ரோஸாவுக்குத் தெற்கேதான் அந்த இடம். தெரியாமல் தாண்டி வந்திருக்கிறோம்.

அக்டோபர் 15, செவ்வாய்

விடுமுறை. அலபாமாவிலிருந்து வந்திருக்கும் சுவாச சிகிச்சையாளர் ஒருவர் வால்நட்சத்திரம் பார்க்கக் கூப்பிட்டார். செம்பாறைகளுக்கு மேல் மேற்கே, வெறுங்கண்ணுக்கே வாலோடு தெரிந்தது. அவர் இது ஒன்பதாவது காண்ட்ராக்ட் என்றார். கிளம்பும்போது ஒவ்வொரு ஊரிலும் என்ன மிஞ்சுகிறது என்று கேட்டேன். "இரண்டு மூன்று பேர்" என்றார்.

அக்டோபர் 19, சனி

நேற்று வேறு வார்டுக்கு ஃப்ளோட் செய்தார்கள். ஆள் குறைந்தால் முதலில் அனுப்பப்படுவது டிராவல் நர்ஸ்தான், அதை மனசில் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். எனக்குப் பழக்கமில்லாத ஒரு வடிகுழாயோடு ஒரு நோயாளியைக் கொடுத்தார்கள். "இதை நான் செய்ததில்லை" என்று சொன்னேன். தொண்டை வறண்டுதான் போனது, ஆனாலும் சொன்னேன். அந்த நோயாளியை மாற்றிக் கொடுத்துவிட்டு, எப்படிச் செய்வதென்று காட்டவும் செய்தார்கள்.

ஐப்பசி பிறந்துவிட்டது. சந்தையில் சுட்ட ஆட்டுக்கறியை ரொட்டியில் மடித்து, வறுத்த பச்சை மிளகாய் ஒன்று வைத்துக் கொடுத்தார்கள். 14 டாலர். மசாலா எதுவும் இல்லை, உப்பும் நெருப்பும்தான். இன்னொன்று வாங்கினேன்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. காலை ஏழரைக்கு ஷிஃப்ட் முடித்து வந்து, நல்லெண்ணெயைச் சூடு பண்ணித் தலைக்குத் தேய்த்துக் குளித்தேன். வெளியே தொட்டியில் தண்ணீர் உறைந்திருந்தது. அம்மா அனுப்பிய பார்சலில் முறுக்கும் அதிரசமும் பாதி நொறுங்கி வந்தன. நொறுங்கியது எனக்கு, முழுசாக இருந்ததை முந்தின இரவே வார்டுக்குக் கொண்டுபோயிருந்தேன். சார்ஜ் நர்ஸ் அதிரசத்தைத் தின்றுவிட்டு அரிசியா என்று கேட்டார். அவர் பாட்டி நீலச்சோளத்தில் இப்படி ஒன்று செய்வாராம்.

சார்ஜ் நர்ஸின் அந்தப் பாட்டி காலத்தில் காசநோய் இங்கே வீடு வீடாக இருந்தது. ஆனி வானெக்கா என்ற அம்மா, நவஹோ கவுன்சிலில் 1951-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர், ஒவ்வொரு குடிலாகப் போய் உட்கார்ந்து, மக்கள் பயப்படாத வார்த்தைகளில் அந்த நோயைப் புரியவைத்திருக்கிறார். டாக்டர்களுக்காக ஆங்கில-நவஹோ மருத்துவச் சொல்லகராதி உருவாக்கவும் உதவினார். 1963-இல் அமெரிக்க ஜனாதிபதியின் சுதந்திரப் பதக்கம் கிடைத்தது. பதினெட்டு மாதம் வேலை பார்த்த எனக்கு இந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. நோட்டின் முதல் பக்கத்தில் ஆறாவதாக எழுதி வைத்தேன்.

வார்டில் இருக்கிற நம் பாட்டி? கிட்டத்தட்ட மூன்று வாரமாக ஊசி போட்டுக்கொள்கிறார். முதல் ஊசிக்கு என்ன காரணம் என்று எனக்கும் தெரியாது, பெரியப்பாவாக இருக்காது. ஒருநாள் இரவு தானே கையை நீட்டினார், அவ்வளவுதான்.

நவம்பர் 3, ஞாயிறு

நேற்றிரவு, குளிர்காலத்துக்காக இந்த நாட்டில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிய இரவு. இரண்டு மணி ஆனதும் மறுபடி ஒரு மணி. 12 மணி நேர ஷிஃப்ட் 13 ஆனது, ஒன்றரை மணி மருந்தை எந்த ஒன்றரை மணிக்குக் கொடுத்தோம் என்று குறிப்பெழுதியே ஓய்ந்துபோனோம்.

பாட்டிக்கு ஒரு கால்விரல் போனது, கால் தப்பியது. மீதி மருந்தை அவர் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற க்ளினிக்கிலேயே போட ஏற்பாடு ஆகிவிட்டது, இன்று மதியம் கிளம்புகிறார். அடுத்த மூன்று நாள் எனக்கு ஷிஃப்ட் இல்லை. ஏழரை மணிக்கு அறைக்குப் போனேன். மகள் கம்பளிகளை மடித்துக்கொண்டிருந்தார். என்ன சொல்ல என்று தெரியவில்லை. வாசலில் நின்று கைகூப்பி, தமிழிலேயே, "போயிட்டு வரேன் பாட்டி" என்றேன்.

பாட்டி உதட்டைக் குவித்து என் கையில் தொங்கிய கோட்டைக் காட்டினார். இங்கே விரல் நீட்ட மாட்டார்கள், உதட்டால்தான் காட்டுவார்கள்.

"வெளியில குளிருதாம், போட்டுக்கச் சொல்றாங்க" என்றார் மகள்.

அங்கேயே நின்று போட்டுக்கொண்டேன்.